கோவளத்தில் ஒரு நாள்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் வழியில் உள்ள கோவளத்துக்கு எங்கள் வகுப்பு சென்றது. 1752-இல் கிளைவின் படை கைப்பற்றிய கோட்டையைப் பற்றி ஆசிரியை விளக்கினார். எங்கள் கண்களோ கரையில் கிடந்த கட்டுமரத்தின் மீதே!

எடை குறைந்த மரங்களைக் கயிற்றால் இறுக்கிக் கட்டுகிறார்கள். அலை ஏறினாலும் நீர் இடைவெளிகளில் வடிந்துவிடும், எனவே மூழ்காது. கரை சேர்ந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயவைப்பார்கள், ஊறினால் கனத்துவிடுமாம். ஆங்கிலேயர் ‘கேட்டமரான்’ என்பது நம் சொல்லே.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் பைபர் படகுகளே மிகுதி. “எஞ்சின் நின்னா படகு தவிக்கும் கண்ணு; இதைத் துடுப்புப் போட்டே கொண்டாந்துடலாம்” என்றார் ஒரு தாத்தா. அவர் பிள்ளைகளுக்கு மரம் கட்டத் தெரியாதாம். முடிச்சுப் போட்டுக் காட்டினார். எங்களில் ஒருத்திக்குத்தான் வந்தது.

– பத்தாம் வகுப்பு மாணவி