எலியின் நாடியும் வகுப்பறையும்

இதயம், நுரையீரல் பாடத்தில் ஆய்வக எலியையும் சேர்த்துக் கற்பிக்கிறேன். அதன் இதயம் நிமிடத்திற்கு 250 முதல் 450 முறை துடிக்கும். மூச்சு 70 முதல் 115 முறை. ஓய்விலிருக்கும் நமக்கு ஏறத்தாழ 72, 16.

எப்படி அளக்கிறார்கள்? நம் கையில் சுற்றும் இரத்த அழுத்தப் பட்டையைப் போன்ற சிறு பட்டையை எலியின் வாலில் மாட்டுவார்கள். மூச்சை அளக்க, காற்று செல்லும் பெட்டிக்குள் விடுவார்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே காற்றழுத்தம் மாறுவதை உணரி பதிவு செய்யும்.

பிடிபட்டு மிரண்ட எலிக்கு நாடி ஏறிவிடும். அப்போது மருந்தின் விளைவு எது, பயத்தின் விளைவு எது என்று பிரித்தறிய முடியாது. அதனால் எலியைக் கருவிக்குப் பல நாள் பழக்கிய பிறகே அளக்கிறார்கள்.

வகுப்புக்கு எலி வேண்டியதில்லை. மாணவர்கள் இருவர் இருவராக அமரட்டும். ஐந்து நிமிட ஓய்வுக்குப் பின் ஒருவர் மற்றவரின் நாடியை எண்ணட்டும். அப்படியே மணிக்கட்டைப் பிடித்தபடி, சொல்லாமல் மூச்சையும் எண்ணட்டும். பிறகு, சொல்லிவிட்டு மூச்சை எண்ணட்டும். பலருக்கு எண் மாறும். நாடியை மூச்சால் வகுத்தால் 4, 5 என வரும். எலிக்கும் ஏறத்தாழ 4.

உயிர் அமைதியாக இருந்தால்தான் அளவு சரியாக இருக்கும். தேர்வு எழுதும் குழந்தைக்கும் இது பொருந்தும் என்பதை நாமும் நினைவில் கொள்வோம்.