லோகோவில் நிற்பதற்கு முன்

அன்புள்ள தம்பிக்கு,

உன் போன் ரிப்பேர் கடை திறப்புக்கு வர முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். மைக்ரோஸ்கோப், ஹாட் ஏர் மெஷின் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. சாமி படத்துக்குக் கீழே சாலிடரிங் அயர்னை வைத்திருக்கிறாய். முதலில் அதை நகர்த்து. மாலை காய்ந்தால் பற்றிக்கொள்ளும்.

போனில் நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அண்ணா, பெரிய அப்டேட் போட்டுத்தரச் சொல்லி வர்றாங்க, எவ்வளவு வாங்கலாம்?" பதிலைக் கடைசியில் சொல்கிறேன். 'டவுன்லோட்', 'இன்ஸ்டால்' என்று இரண்டு இடத்தில் தட்டுவதுதான் வேலை என்றால் அதற்குக் காசு வாங்குவதே தப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைச் செய்துவிடும்.

என் அனுபவத்தில் அப்டேட்டே போனைக் கெடுப்பது குறைவு. போன்காரர் மறந்துபோனதையெல்லாம் அது ஒரே நாளில் கேட்கும்; அதில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். கைரேகையை நம்பியே ஓட்டியவரிடம் பின் நம்பர் கேட்கும். ரீஸ்டார்ட் ஆனதும் முதல் தடவை கைரேகை செல்லாது. உள்ளே இருப்பதெல்லாம் என்கிரிப்ட் ஆகி இருப்பதால் பின்னோ பேட்டர்னோ போட்டால்தான் திறக்கும். ஆகவே போனைக் கையில் வாங்கியதும், வேறு எதையும் தொடுவதற்கு முன், அவரையே ஒருமுறை அணைத்துப் போடச் சொல். பின்னையும் அவரே போடட்டும். நீ கேட்காதே. பில்லுக்குப் பின்னால் எழுதாதே. போன் முதுகில் ஸ்டிக்கர் ஒட்டி ஒன்பது புள்ளி வைத்துப் பேட்டர்ன் வரைகிற பழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அந்தப் போனைத் திருடுகிறவனுக்கு நாமே சாவியும் சேர்த்துக் கொடுக்கிற மாதிரி அது.

அடுத்தது ஜிமெயில். இதில் நம் தொழில்காரர்கள் மேலேயே குற்றம் இருக்கிறது, என் மேலும்தான். ஆண்ட்ராய்டு போன் புதிதாக ஊருக்குள் வந்த நாட்களில், வாங்க வந்தவருக்கு மெயில் ஐடியை நாங்களே கவுன்டரில் போட்டுக்கொடுத்தோம். அவர் பெயர், பின்னால் நாலு எண். பாஸ்வேர்டும் நாங்கள் வைத்ததுதான். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டிக்குள் போட்டோம். பெட்டி அடுத்த போகியில் போய்விட்டது. ரெகவரி நம்பராகக் கொடுத்த அன்றைய சிம், ரீசார்ஜ் செய்யாமல் செத்து, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. போன் ஓடுகிற வரைக்கும் இது யாருக்கும் தெரியாது. அப்டேட் பாதியில் நின்று, வேறு வழியில்லாமல் ரெகவரியில் போய் ரீசெட் போட்டால், 2015-இல் ஆண்ட்ராய்டு 5.1-உடன் வந்த எஃப்ஆர்பி லாக் எழுந்து நிற்கும். இதற்கு முன் இந்தப் போனில் இருந்த கணக்கு எது, காட்டு என்று கேட்கும். திருடனை நிறுத்த வைத்த பூட்டு, சொந்தக்காரரையே வாசலில் நிறுத்திவிடும்.

இதற்கு ஒரே பரிசோதனைதான். கடைக் கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோ விண்டோவைத் திறந்து கொடு. அவர் தன் ஜிமெயிலுக்குள் போய்க் காட்டட்டும். முடியவில்லை என்றால், போன் உயிரோடு இருக்கிற இந்த நேரத்திலேயே பாஸ்வேர்டை மாற்றவும் நம்பரைப் புதுப்பிக்கவும் உதவு. நாளைக்குப் போன் முழுதாக எழாமல் கம்பெனி லோகோவில் நிற்கும்போது அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

இனி, இந்தக் கடிதம் எழுதக் காரணமான விஷயம். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். ரவிக்கை தைக்கிற அக்கா ஒருவர் வந்தார். போனில் இடமே இல்லை, முக்கால் ஜிபிகூட மிச்சமில்லை. புது அப்டேட் வந்திருக்கிறது, போட்டுக்கொடு என்றார். நான் போட்டோ பார்த்தேன், கிளவுடில் ஏறியிருந்தது. கான்டாக்ட் பார்த்தேன், ஜிமெயிலில் இருந்தது. வாட்ஸ்அப் அன்று காலையில்தான் பேக்கப் ஆகியிருந்தது. சரி என்று நாலைந்து வீடியோவை மட்டும் அழித்து, இடம் உண்டாக்கிப் போட்டேன். லோகோவில் நின்றது. என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு ரீசெட் போட்டேன். போன் ஜோராக எழுந்தது. போட்டோ திரும்பியது, நம்பர்கள் திரும்பின. அக்காவும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். இருநூறுக்கு மேற்பட்ட பெண்களின் அளவு, தோள், கை, கழுத்து இறக்கம் எல்லாவற்றையும் அந்தப் போனோடு வந்த நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்திருந்தாராம். அந்த ஆப் எந்தக் கணக்கோடும் இணைக்கப்படாமல், எல்லாவற்றையும் போனுக்குள்ளேயே வைத்திருந்தது. எல்லாம் போனது. தீபாவளி வேலையை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய்த் திரும்ப அளவெடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நான் அன்று எல்லோருக்கும் பொதுவாக எது முக்கியமோ அதைப் பார்த்தேன். அவருடைய தொழில் என்ன என்று கேட்கவே இல்லை. அதற்குப் பிறகு யார் வந்தாலும் முதலில், "என்ன வேலை பார்க்கிறீங்க? அதுல எதை இந்தப் போன்ல எழுதி வைக்கிறீங்க?" என்று கேட்கிறேன். கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளை கடன் பட்டியலைச் சொல்வார். பாட்டு டீச்சர் வாய்ஸ் ரெக்கார்டரைக் காட்டுவார். கோயில் குருக்கள் ஒருவர் அர்ச்சனைக்கு ஐந்நூறு பேரின் நட்சத்திரத்தைப் போன் மெமரியில் கான்டாக்டாகவே போட்டு வைத்திருந்தார். பேக்கப் மெனுவைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. வாயைத் திறந்து கேட்டால்தான் வரும்.

பேக்கப் என்று எழுதிய ஸ்விட்ச் நீலமாக இருப்பதை நம்பாதே, கடைசியாக எடுத்த தேதியைப் பார். கூகுள் இலவசமாகக் கொடுக்கிற 15 ஜிபி நிரம்பிவிட்டால் ஸ்விட்ச் ஆனில் இருக்கும், பேக்கப் எட்டு மாதத்துக்கு முன்னாலேயே நின்றிருக்கும். 2024 முதல் ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் அந்த 15 ஜிபிக்குள்ளேயே சேர்கிறது; நிரம்பிப்போவது அதிகமானது அதற்குப் பிறகுதான். வாட்ஸ்அப் பேக்கப்பை என்கிரிப்ட் செய்து 64 இலக்கச் சாவி வாங்கியிருந்தால், அந்தச் சாவி எங்கே என்று கேள். அதைத் தொலைத்தவருக்கு யாராலும் திறந்து கொடுக்க முடியாது. கூகுள் ஆதென்டிகேட்டருக்கு 2023 ஏப்ரல் வரை கிளவுடில் சேமிக்கிற வழியே கிடையாது. இன்றும் கணக்கில் நுழையாமல் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். யூபிஐ ஆப்புக்கு வங்கியில் பதிந்த அதே சிம் வேண்டும், அதிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். பின்னைத் திரும்ப வைக்க நேர்ந்தால் டெபிட் கார்டும் தேடுவார்கள். ஐபோனைக் கம்ப்யூட்டரில் பேக்கப் எடுக்கும்போது, என்கிரிப்ட் என்ற கட்டத்தை டிக் செய்யாமல் விட்டால் சேமித்த பாஸ்வேர்டுகளும் ஹெல்த் விவரமும் அதில் வராது. டிக் செய்தால் அதற்கு ஒரு பாஸ்வேர்டு. அதை அவர் கைப்பட அவர் வீட்டு டைரியில் எழுதட்டும்.

நம் கை பட்ட போன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐபோன் 6-இல் கைரேகை ஹோம் பட்டனை வெளிக்கடையில் மாற்றியவர்கள் மாதக்கணக்கில் நிம்மதியாக ஓட்டினார்கள். ஐஓஎஸ் 9 அப்டேட் போட்டதும் 'எரர் 53' என்று வந்து போன் செங்கல்லாகிவிட்டது. 2016 பிப்ரவரியில் ஆப்பிள் அதற்குத் திருத்தம் விட்டது. ஆஸ்திரேலியாவில் விவகாரம் கோர்ட்டுக்குப் போய், வாடிக்கையாளர்களின் உரிமையைத் தவறாகச் சொன்னதற்காக 2018-இல் அந்நாட்டுப் பணத்தில் 90 லட்சம் டாலர் அபராதம் விழுந்தது. அதே 2018-இல் ஐஓஎஸ் 11.3 வந்தபோது, வெளி டிஸ்ப்ளே போட்ட ஐபோன் 8-களில் டச் செத்துப்போனது, 11.3.1 வந்துதான் உயிர் வந்தது. கம்பெனி செய்தது சரியா என்று கேட்டால், இல்லை என்பேன். ஆனால் வாடிக்கையாளர் சண்டைக்கு வருவது கலிஃபோர்னியாவுக்கு இல்லை, உன் கவுன்டருக்கு. ஆகவே டிஸ்ப்ளே மாற்றும் அன்றே பில்லில் எழுது: ஒரிஜினலா, காப்பியா, எந்தத் தேதி. அப்டேட்டுக்கு வருகிறவரிடம், முன்னால் எங்காவது பிரித்தார்களா என்று கேள். 'இல்லை' என்று சொன்னாலும் ஸ்க்ரூவைப் பார்.

ஏறிவிட்டால் இறங்குவது கஷ்டம் என்பதையும் போடுவதற்கு முன்பே சொல்லிவிடு. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் சிஸ்டத்துக்கு இரண்டு இடம் உண்டு. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாமல் மற்றதில் எழுதி, எழவில்லை என்றால் பழையதற்கே திரும்பும். ஆண்ட்ராய்டு 7-இல் வந்த நல்ல ஏற்பாடு. ஆனால் எழுந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் அது உதவாது. பழையதைப் போட வேண்டுமானால் உள்ளே இருப்பதைத் துடைக்க வேண்டும். பிக்சல் 6-க்கு ஆண்ட்ராய்டு 13 போட்டபின் 12-க்குத் திரும்பவே விடவில்லை. ஆப்பிளும் பழைய பதிப்புக்குக் கையெழுத்துப் போடுவதைச் சீக்கிரமே நிறுத்திவிடும். அதன் பிறகு நீ எந்தக் கேபிள் மாட்டினாலும் நடக்காது.

எனவே பெரிய அப்டேட் வந்த வாரம் யாருக்கும் போடாதே. 2014 செப்டம்பரில் ஐஓஎஸ் 8.0.1 வந்து, ஐபோன் 6-இல் சிக்னலும் கைரேகையும் போய், சில மணி நேரத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 14 வந்தபோது, ஒரே பிக்சலில் இரண்டு மூன்று யூசர் வைத்திருந்தவர்கள் தங்கள் ஸ்டோரேஜையே திறக்க முடியாமல் தவித்தார்கள். மூன்று வாரம் பொறு. மாதாமாதம் வருகிற செக்யூரிட்டி பேட்ச் வேறு கணக்கு, அதைத் தள்ளிப்போடாதே. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, 'அப்டேட்டே வேண்டாம்' என்று சொல்லும் மெக்கானிக்குகள் நிறைய. நீ அப்படி ஆகாதே.

மற்றவை உனக்கே தெரியும். சார்ஜ், நல்ல வைஃபை, கவரைக் கழற்றுவது, இடம். அப்டேட்டின் அளவைப் போல இரண்டு மடங்காவது காலியாக இருக்கட்டும். ஐஓஎஸ் 8 காலத்தில் 16 ஜிபி ஐபோன்காரர்கள் பட்ட பாடு போதும். முடிந்தபின் ஒன்றிரண்டு நாள் போன் சூடாகும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், பின்னணியில் ஆப்களையும் போட்டோக்களையும் அடுக்கிக்கொண்டிருக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பு. சொல்லாவிட்டால் மறுநாள் காலை பத்து மணிக்கு வந்து நிற்பார்.

கேட்டாயே, எவ்வளவு என்று. நான் 200 ரூபாய் வாங்குகிறேன். பெரும்பாலும் அரைமணி நேரம் பேசுகிறேன், இருபது நிமிஷம் தேதிகளைப் பார்க்கிறேன். எல்லாம் பார்த்துவிட்டு, 'இந்தப் போனுக்கு இப்போது போட வேண்டாம்' என்று திருப்பி அனுப்பினாலும் அந்த 200 உண்டு. முதலில் முணுமுணுப்பார்கள். ரவிக்கை தைக்கும் அக்காவிடம் மட்டும் வாங்குவதில்லை.

அன்புடன்,
அண்ணன்