சால்வை போட்டால் கனம் ஆகுமா?

இந்த மாதப் பாடத்துக்குக் குணசாலியான ஸ்திரீயைக் குறித்து எழுதுங்கள் என்று சபை மூப்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். நீதிமொழிகள் 31-ஆம் அதிகாரத்தில் ஏழெட்டுக் குறிப்பு எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று எண்ணித்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த வாரமே கர்த்தர் என்னை ஒரு வீட்டு வாசலில் நிறுத்திப் பேசினார். அதைச் சொல்லாமல் பாடத்துக்குள் போக எனக்கு மனசாட்சி இடங்கொடுக்கவில்லை.

நம் சபையில் ஒரு சகோதரி உண்டு. பேர் எழுதவில்லை, அவர்களுக்கு அது பிடிக்காது. வயது ஐம்பதுக்கு மேல். பாம்பன் பக்கத்துப் பெண்களைப் போலப் பாசி எடுக்கப் போகிறவர்கள். சேலைக்கு மேலே பழைய சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காதபடி விரல்களில் சுற்றிய துணி, இடுப்பில் வலைப்பை. இப்படித்தான் கடலில் முங்குவார்கள். கரைக்கு வந்தபின் சமையல், பேரப்பிள்ளைகள், மூன்று வருஷமாய்ப் பக்கவாதத்தில் கிடக்கிற மாமியார். சனிக்கிழமை சாயங்காலம் ஜெபவீட்டைப் பெருக்கிப் பாய் விரிப்பதும் அவர்கள்தான். அன்பின் விருந்து என்றால் அடுப்படியில் அவர்கள்தான். ஊரில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், எந்த மதத்தார் வீடு என்று பார்க்காமல் முதலில் போய் நிற்பதும் அவர்கள்தான்.

பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவர்களுக்குச் சால்வை போட்டுக் கனம்பண்ணத் தீர்மானித்தோம். வெள்ளிக்கிழமை நானே வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அப்போதுதான் கடலிலிருந்து வந்திருந்தார்கள். தலைமுடியில் உப்புப் பூத்திருந்தது. கேட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

“சால்வையை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன் பாஸ்டர்? ஞாயித்துக்கிழமை ஒரு நாளாச்சும் யாராவது வந்து மாமியாகிட்ட உட்கார்ந்தாங்கன்னா, நான் ஆராதனை முடியுற வரைக்கும் சபையில இருப்பேன். அது போதும்.”

எனக்கு வாய் அடைத்துவிட்டது. ஏன் தெரியுமா? அவர்கள் ஆராதனை நடுவில் எழுந்து போவதை நான் மூன்று வருஷமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சாட்சி வேளை முடிந்து நான் வேதத்தைத் திறக்கும்போது அவர்கள் செருப்பைத் தேடுவார்கள். ஒரு ஞாயிறு நான் மைக்கிலேயே, “சிலருக்குக் கர்த்தருடைய சமூகத்தில் இரண்டு மணி நேரம் உட்கார முடியவில்லை” என்று கடிந்துகொண்டேன். யாரைச் சொன்னேன் என்று எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கும் தெரிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமையும் வந்து பாய் விரித்தார்கள்.

இப்போது வேதத்துக்குள் வருவோம்.

யோப்பா பட்டணம் நம்முடைய ஊரைப் போலக் கடற்கரைப் பட்டணம். அங்கே தபீத்தாள் என்ற தொற்காள் இருந்தாள் (அப். 9:36-42). அவளை வேதம் சீஷி என்று அழைக்கிறது. கிரேக்க மூலத்தில் சீஷன் என்பதற்குப் பெண்பாலாக வரும் அந்த வார்த்தை புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஒரு இடத்தில்தான் வருகிறது. அவள் பிரசங்கித்ததாக எழுதப்படவில்லை. துணி தைத்தாள். பேதுரு வந்தபோது விதவைகள் நீளமாய்ப் பேசவில்லை; அவள் தைத்துக் கொடுத்த உடுப்புகளைக் காட்டி அழுதார்கள். ஒரு காரியம் கவனியுங்கள். அவள் வியாதிப்பட்டாள் என்று வசனம் சொல்லுகிறது. பேதுருவுக்கு ஆள் போனது அவள் மரித்தபின். வியாதியாய்க் கிடந்த நாட்களில் யார் அவளுக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள் என்று லூக்கா எழுதவில்லை. யோப்பா சபையார்மேல் நான் குற்றம் சொல்லவில்லை. நம் சபையைத்தான் யோசிக்கிறேன்.

அடுத்து நீதிமொழிகள் 31. திருமண ஆராதனையில் மணமகளுக்கு முன்னால் இதை வாசித்துவிட்டு, “நீ இப்படி இரு” என்று சொல்லுவது நம் வழக்கம். நானும் எத்தனையோ கலியாணத்தில் சொல்லியிருக்கிறேன். ஆனால் குணசாலி என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் எபிரெயத்தில் வருகிற சொல் பலத்தையும் வீரத்தையும் காட்டுகிற சொல். கிதியோனைத் தூதன் பராக்கிரமசாலி என்று அழைத்தபோதும் அதே சொல்தான் (நியா. 6:12). வயலில் கதிர் பொறுக்கிய ஏழை விதவை ரூத்தைப் போவாஸ் குணசாலி என்றபோதும் அதே சொல்தான் (ரூத் 3:11). ஆகவே வீட்டில் அடங்கி ஒடுங்கி இருக்கிறவள் என்று மட்டும் அதற்குப் பொருள் சொல்லக் கூடாது. இருட்டோடு எழும்புகிறவள், தூரத்திலிருந்து ஆகாரம் கொண்டுவரும் கப்பலுக்கு ஒப்பானவள். கடலில் முங்கி அரிசிக்குக் காசு கொண்டுவருகிற நம் பெண்களுக்கு இந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்த அதிகாரத்தின் கடைசி வசனம் பெண்ணுக்குக் கொடுத்த கட்டளை அல்ல, சுற்றியிருக்கிற நமக்குக் கொடுத்த கட்டளை. அவள் உழைப்பின் பலனில் அவளுக்குப் பங்கு கொடுங்கள் என்பதே அதன் கருத்து. மெச்சுவது அதற்கு அப்புறம்தான் வருகிறது. நாமோ கொடுப்பதை விட்டுவிட்டு மெச்சுவதை மாத்திரம் பிடித்துக்கொண்டோம்.

பவுல் இதை எவ்வளவு நேராய்ச் சொல்லுகிறார் பாருங்கள். பெபேயாள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. அது கொரிந்துவுக்குத் துறைமுகமாயிருந்த ஊர். அவளை ரோமருக்கு அறிமுகப்படுத்தும்போது, அவளைக் கர்த்தருக்குள் ஏற்றுக்கொள்ளச் சொல்லிவிட்டு, எந்தக் காரியத்தில் அவளுக்கு உதவி தேவையோ அதில் உதவுங்கள் என்கிறார் (ரோமர் 16:1,2). எந்த உதவி என்று பவுல் தீர்மானிக்கவில்லை, ரோமருக்கும் தீர்மானிக்க விடவில்லை. அவளைக் கேட்கவேண்டும். நாங்கள் கேட்கவில்லை. கேட்காமலே சால்வை வாங்கிவிட்டோம்.

நம் தென் தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. இராமநாதபுரத்தில் சுவார்ட்ஸ் பள்ளியை அறியாதவர் இல்லை. அப்துல் கலாம் ஐயா படித்த பள்ளி. அந்தச் சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் கேட்டு வந்த ஒரு பெண்ணைப் பற்றி நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பேர் குளோரிந்தா. தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண குலத்தில் பிறந்து, இளம் வயதில் விதவையானவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பாதுகாப்பில் வாழ்ந்து, அவர் மூலமாய்க் கிறிஸ்துவை அறிந்தார். விவாகமில்லாமல் அந்த அதிகாரியோடு வாழ்வதால் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்று சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். வேத ஒழுங்கின்படி அவர் செய்தது சரி என்றே நானும் சொல்லுவேன். ஆனால் பிறந்த குலமும் தள்ளி, சபையும் வாசலில் நிறுத்தின பெண்ணின் இருதயம் எப்படியிருந்திருக்கும்!

அவர் விசுவாசத்தை விட்டுப் போகவில்லை. அதிகாரி இறந்தபின், 1778-ல் சுவார்ட்ஸ் பாளையங்கோட்டைக்கு வந்தபோது அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். (எந்த முறையில் கொடுத்தார் என்பதில் நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசம் உண்டு. அதை வேறொரு மாதம் பார்க்கலாம்.) 1780-ல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேடு எழுதப்பட்டபோது அதில் இருந்தவர்கள் 40 பேர். முதல் பேர் குளோரிந்தா. முன்னே மறுக்கப்பட்ட அதே பெண்ணின் பேர் பட்டியலின் தலையில் நிற்கிறது! கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

அவர் முன்நின்று, சில ஆங்கிலேயரின் உதவியோடும் கட்டின ஆலயத்தை 1785-ல் சுவார்ட்ஸ் பிரதிஷ்டை செய்தார். ஜனங்கள் தண்ணீர் எடுக்கக் கிணறும் வெட்டினார். சுற்றிலும் இருந்தவர்கள் ஆலயத்தைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றும், கிணற்றைப் பாப்பாத்தியம்மாள் கிணறு என்றும் சொன்னார்கள். அந்தச் சபைக்கு ஊழியத்துக்கு அனுப்பப்பட்ட சத்தியநாதன் 1790-ல் குருப்பட்டம் பெற்றார். ஆக, திருநெல்வேலிச் சீமையில் பெரிதாய் வளர்ந்த சீர்திருத்தச் சபையின் தொடக்கத்தில் ஒரு விதவை நிற்கிறார்.

நான் வேதாகமக் கல்லூரியில் டிப்ளமோ படித்தபோது சபைச் சரித்திரப் பாடத்தில் சுவார்ட்ஸுக்குப் பல பக்கம் குறிப்பு எடுத்தேன். குளோரிந்தாவுக்கு ஒரே வரி. பரீட்சையிலும் அவரைக் குறித்துக் கேள்வி வரவில்லை. மாதவையா என்ற எழுத்தாளர் 1915-லேயே அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதியிருக்கிறார் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும்.

உலகத்தார்கூட நம்மை முந்திக்கொள்ளுகிறார்கள். பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் பெண்களுக்குத் தலைவியாயிருந்த லட்சுமி அம்மாவுக்கு 2015-ல் அமெரிக்காவில் சீக்காலஜி விருது கொடுத்தார்கள், 10,000 டாலர் பரிசோடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபின், தீவுப் பக்கம் போனால் வனத்துறையார் தடுப்பார்கள். அந்தப் பெண்கள் கூடிப் பேசி, மாதத்தில் 12 நாள் மட்டும் பாசி எடுப்பது என்று தங்களுக்குத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டு, தங்கள் பிழைப்புக்காகவும் பேசினார்கள். அந்த அம்மா நம் சபையார் அல்ல. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவன் அவர்கள் உழைப்பைக் கண்டுகொண்டான். பக்கத்துப் பாயில் உட்காருகிற நாம் நம் சகோதரியின் விரலில் இருக்கிற வெட்டுக்காயத்தைப் பார்த்ததில்லை.

பிரியமானவர்களே, ஒரு கேள்வி எழும்பும், எனக்கும் எழும்பிற்று. பரலோகத்தில் பலன் உண்டே, பூமியில் ஏன் தேடவேண்டும் என்று. உண்மைதான். ஆனால் அந்த வசனத்தை நமக்கு நாம் சொல்லிக்கொள்ளலாம், களைத்துப்போன இன்னொருவருக்குச் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ரோமர் 16-ல் மரியாளும் திரிபேனாளும் திரிபோசாளும் பெர்சியாளும் பிரயாசப்பட்டார்கள் என்று பவுல் பேர் சொல்லி எழுதியது, அவர்கள் உயிரோடு இருந்து கேட்கும்படியாகத்தான்.

சரி, எங்கள் காரியத்துக்கு வருகிறேன். அந்த ஞாயிறு சால்வை போடவில்லை. நான் மைக்கில் முன்பு கடிந்துகொண்டதற்கு மைக்கிலேயே மன்னிப்புக் கேட்டேன். பிறகு ஒரு நோட்டில், ஞாயிறுதோறும் அந்த மாமியாரிடம் போய் இருக்கிறவர்கள் பேர் எழுதச் சொன்னேன். முதலில் ஒருத்தரும் எழும்பவில்லை. ஆராதனையைத் தவறவிடுவது பாவமில்லையா பாஸ்டர் என்று ஒரு சகோதரர் கேட்டார். கட்டிலருகே உட்காருவதும் ஆராதனைதான், போகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் வந்தால் செய்தியைத் தனியாய்ச் சொல்லுகிறேன் என்றேன். முதல் பேரை என் மனைவி எழுதினாள். வீட்டுக்கு வந்தபின், “மூணு வருஷமா எனக்கும் தோணலியே” என்று அழுதாள்.

இரண்டாவது ஞாயிறு நம் மூத்த மூப்பரும் அவர் மனைவியும் போனார்கள். அந்தப் பாட்டியம்மா தனுஷ்கோடியில் வாழ்க்கைப்பட்டவர்கள். 1964 டிசம்பர் புயலில் எல்லாம் போய், உடுத்திய துணியோடு கரையேறினவர்கள். வாய் குழறினாலும் அன்று ராத்திரி நடந்ததை முழுவதும் சொல்லி முடித்துத்தான் மூப்பரை விட்டார்களாம். மத்தியானம் ஒரு மணிக்குக் கண்கள் சிவந்து வந்தார். இத்தனை வருஷம் ஜெபக்குறிப்பில் “மாமியார் சுகத்துக்காக” என்று வாசித்தேனே தவிர, அந்த அம்மா யார் என்று எனக்குத் தெரியவில்லையே ஐயா என்றார்.

அதே ஞாயிறு நம் சகோதரி முன்வரிசைப் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி வேளை முடிந்தது. நான் வேதத்தைத் திறந்தேன். அவர்கள் எழும்பவில்லை. கால் மணி நேரம் ஆகியிருக்கும், தூணில் சாய்ந்தபடி தூங்கிவிட்டார்கள். பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை எழுப்பப் போனாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, மைக்கை அணைத்து, மீதிப் பிரசங்கத்தை மெதுவாய்ச் சொல்லி முடித்தேன்.