எலும்பிலிருந்து தசைக்கு: அனாட்டமி போட்டிக்குப் படிக்கும் முறை

திருவனந்தபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 1951-இல் தொடங்கியது. அகில இந்திய ஒதுக்கீட்டில் அங்கே இடம் கிடைத்துப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும், நாகர்கோவிலிலோ மதுரையிலோ முதலாண்டு படிப்பவர்களுக்கும் அனாட்டமி வினாடி வினா என்றால் ஒரே பயம்தான்: 206 எலும்பு, 600-க்கு மேல் தசை, இவ்வளவையும் எப்படி மண்டையில் ஏற்றுவது? பெரும்பாலோர் சௌராசியா புத்தகத்தைத் திறந்து தசைகளின் அட்டவணையை உருப்போடத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே தொடங்காதீர்கள். ஒரு தசை எங்கே ஒட்டுகிறது என்பதை எலும்பின் மேடுபள்ளங்களே காட்டிக்கொடுக்கும். ஆகவே எலும்புதான் முதல்.

சீனியர்களிடம் ஒரு போன் செட், அதாவது எலும்புத் தொகுப்பு, கேட்டு வாங்குங்கள். அது நிஜ எலும்பாக இருந்தால், ஒரு காலத்தில் நம்மைப் போல நடமாடிய ஒருவருடையது. இந்தியாவிலிருந்து மனித எலும்புக்கூடுகள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1985-இல்தான் அரசு அதற்குத் தடை போட்டது. ஆகவே விடுதி அறையில் அந்த எலும்புகளை வைத்து விளையாடவோ படம் எடுத்துப் பகிரவோ கூடாது.

முதல் எலும்பாக ஹியூமரஸை, அதாவது மேற்கை எலும்பை, எடுங்கள். உருண்டைத் தலை மேலே, உடம்பின் நடுப்பக்கம் பார்த்து. கீழ்முனையில் ஆழமான குழி பின்பக்கம். இப்படிப் பிடித்தால் வலதா இடதா என்பது தெரிந்துவிடும். இனி கட்டைவிரலை மேல்முனையின் வெளிப்புற மேட்டில், அதாவது கிரேட்டர் டியூபர்க்கிளில், வைத்து மெல்ல நகர்த்துங்கள். மூன்று சிறு தட்டையான பரப்புகள் தட்டுப்படும். மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், நடுவில் இன்ஃப்ராஸ்பைனேட்டஸ், கீழே டெரிஸ் மைனர். முன்பக்கச் சிறு மேட்டில் சப்ஸ்காபுலாரிஸ். ரொட்டேட்டர் கஃப் முடிந்தது. நான்கு பெயரையும் விரல் இனி மறக்காது. இரு மேடுகளுக்கும் இடையே இறங்கும் பள்ளத்தின் வெளிக்கரையில் பெக்டோராலிஸ் மேஜர், உள்கரையில் டெரிஸ் மேஜர், நடுவில் லாட்டிசிமஸ் டார்சை. ‘இரண்டு மேஜருக்கு நடுவே ஒரு லேடி’ என்று மாணவர்கள் சொல்வது இதைத்தான்.

அதே எலும்பில் மூன்று நரம்புகளைத் தேடுங்கள். கழுத்துப்பகுதியைச் சுற்றி ஆக்ஸிலரி, தண்டின் பின்புறப் பள்ளத்தில் ரேடியல், உள்முழங்கை மேட்டின் பின்னால் அல்னார். எலும்பு எந்த இடத்தில் முறிந்தால் எந்தத் தசை செயலிழக்கும் என்று கேட்பது வினா தயாரிப்பவர்களுக்கு மிகப் பிடித்த வேலை. தண்டின் நடுவில் முறிந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும் என்பதற்குக் காரணம் அந்த ரேடியல் நரம்புதான்.

நோட்டில் எலும்பின் வெளிக்கோட்டை வரைந்து, தசை தொடங்கும் இடத்தைச் சிவப்பிலும் சேரும் இடத்தை நீலத்திலும் தீட்டுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை.

அடுத்தது சொந்த உடம்பு. முழங்கையை மடக்கி, மேற்கையை மறுகையால் பிடித்துக்கொண்டு உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்புங்கள். பைசெப்ஸ் விறைப்பதை உணரலாம். மடக்குவதில் முதன்மையான தசை அதற்கு அடியில் இருக்கும் பிராக்கியாலிஸ். முகத்தை இடப்பக்கம் திருப்பினால் கழுத்தின் வலப்பக்க ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்ட் கயிறுபோல எழும். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினால் பால்மாரிஸ் லாங்கஸின் தசைநாண் தெரியும். சிலருக்கு அந்தத் தசையே இருக்காது, அதையும் நண்பர்களிடம் சோதித்துப் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவனந்தபுரத்தின் நேப்பியர் மியூசியம் வளாகத்திலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய் வாருங்கள். திங்கட்கிழமை போனால் பூட்டியிருக்கும். விலங்குகளின் எலும்புக்கூடுகளை நிதானமாகப் பார்த்தால் மனிதத் தோளின் சிறப்பு புரியும். மானுக்கும் குதிரைக்கும் காறை எலும்பு கிடையாது, முன்னங்கால் முன்னும் பின்னுமாக ஓடினால் போதும். நமக்குக் கை எல்லாப் பக்கமும் சுழல வேண்டும், அதனால் காறை எலும்பு உண்டு; கருவில் முதலில் எலும்பாகத் தொடங்குவதும் அதுவே. இதுவும் அடிக்கடி வரும் கேள்வி.

அதே நகரில் 1889-இல் தொடங்கிய அரசு ஆயுர்வேதக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிப்பவர்கள் சுஷ்ருதர் எண்ணிய 300 எலும்புகளையும் படிக்கிறார்கள். பல்லையும் குருத்தெலும்பையும் அவர் சேர்த்து எண்ணினார் என்பதை அறிந்துகொண்டால், கலப்பு அணிகள் மோதும் போட்டியில் அது கைகொடுக்கும்.

கடைசி வாரங்களில் ஸ்பாட்டர் பயிற்சி. மேசையில் பத்து எலும்புகளைப் பரப்பி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, நிமிடத்துக்கு ஒருமுறை மணியடிக்கச் செய்யுங்கள். எலும்பின் பெயர், பக்கம், குறித்த இடம், அங்கே ஒட்டும் தசை, அதன் நரம்பு: இந்த வரிசையிலேயே எழுதிப் பழகுங்கள். மணிக்கட்டின் எட்டு எலும்புகளை ஒரு துணிப்பைக்குள் போட்டு, பாராமல் தடவிச் சொல்லுங்கள். கொக்கியுள்ளது ஹாமேட், பெரியது கேப்பிடேட், மிகச் சிறியது பைசிஃபார்ம். ட்ரப்பீசியமும் ட்ரப்பீசாய்டும்தான் கொஞ்சம் படுத்தும்.

அணியில் மூவர் இருந்தால் ஒருவர் கை, ஒருவர் கால், ஒருவர் தலையும் முதுகும் என்று பொறுப்பைப் பிரிக்கலாம், ஆனால் படிப்பது எல்லோரும் எல்லாமும். பஸ்ஸர் சுற்றில் கேள்வி முடியும்வரை காத்திருங்கள். ‘இந்தத் தசைக்கு நரம்பு எது’ என்று தொடங்கும் கேள்வி, ‘எதைத் தவிர’ என்று முடியலாம்.