ஓவியத்தில் உழவர்

மடவார் வளாகத்தை அடுத்த வயல்வெளியில், நண்பகலில், ஒரு புளியமரத்தின் நிழலைச் சற்று உற்று நோக்குவோம். நிழல் கறுப்பு என்பதே நம் எண்ணம். ஆனால் அதில் நீலமும் ஊதாவும் கலந்திருத்தலைக் காணலாம். பிரெஞ்சு நாட்டில் 1874-ஆம் ஆண்டு முதற் கண்காட்சி நடத்திய ஓவியர் சிலர், இவ்வாறு வெட்டவெளியில் நின்று, கண்ணிற்பட்ட ஒளியை அப்படியே தீட்டினர். 'இம்ப்ரெஷனிஸ்டுகள்', அதாவது மனப்பதிவு ஓவியர் என்று அவர்கள் பெயர் பெற்றனர். முதலில் அது கேலிப் பெயரே.

அவர்களுள் உழவர்க்கு நெருங்கியவர் காமில் பிசாரோ (1830–1903). அக்குழுவின் எட்டுக் கண்காட்சிகளிலும் பங்குகொண்டவர் அவர் ஒருவரே. 1884 முதல் எரான்யி என்னும் சிற்றூரிலேயே குடியிருந்தார். 1888-இல் அவர் தீட்டிய 'ஆப்பிள் பறித்தல்' படத்தில் ஒருவர் நீண்ட கழியால் கிளையை உலுக்க, பெண்கள் குனிந்து கனி பொறுக்குகின்றனர். மரத்தடியில் அதே நீல நிழல்! இராஜபாளையத்து மாந்தோப்பில் நாம் காணும் வேலையன்றோ இது? அவர் உழவரை வீரராக்கவும் இல்லை, இரங்கத்தக்கவராக்கவும் இல்லை.

அவருடைய தோழர் மோனே 1890–91-இல் கதிர்ப்போர்களை ஏறத்தாழ 25 படங்களாகத் தீட்டினார். காலை ஒளி, அந்தி ஒளி, பனி என ஒவ்வொன்றும் ஓர் அழகு. ஆயினும் போர் போட்ட ஆளை அவற்றில் காணோம். மழைநீர் உள்ளிறங்காமல் போர் வேய்வது எத்துணைக் கைத்திறன் என்பதை அறிந்த நமக்கு இஃது ஒரு குறையாகவே படுகிறது.

பாரிஸ் நகரில் ஓவியம் பயின்று 1934-இல் இந்தியா திரும்பிய அம்ரிதா ஷேர்-கில், தென்னாட்டில் பயணம் செய்தபின், 1937-இல் 'சந்தைக்குச் செல்லும் தென்னிந்தியக் கிராமத்தார்' என்ற படத்தைத் தீட்டினார். அஜந்தா ஓவியங்களைக் கண்ட பயன் அதில் தெரிகிறது. நம் மக்களின் கரிய மேனியை அவர் வெளுப்பாக்கவில்லை. 1941-இல், 28 வயதிலேயே மறைந்தார்.

நம் ஊர்ச் சுவர்களிலோ, உழவர் என்றால் ஏர் பிடித்த ஆண்மகன் ஒருவரே பெரும்பாலும் நிற்கிறார். நடவு நடுவோரும் களை எடுப்போரும் எங்கே? நிலம் தம் பெயரில் இல்லாத பெண் பாடுபட்டாலும் உழவராக எண்ணப்படுவது அரிது. கடனுதவியும் அவரை எளிதில் எட்டுவதில்லை. ஊராட்சி மன்றச் சுவருக்கு அடுத்த முறை வண்ணம் தீட்டும்போது, உறுப்பினர்கள் ஓவியரை நடவு வயலுக்கு அழைத்துச் சென்று, அரை நாளேனும் வரப்பில் நிற்கச் செய்யலாம்.