கோரிமேட்டில் பேத்தாலஜி சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு

ஜிப்மரில் எம்.டி. சேர்ந்த வாரமே "கட்டுரை எப்படி சார் போடுவது?" என்று கேட்கிறீர்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1823-ல் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. அவசரம் வேண்டாம்.

1. முதல் ஆறு மாதம் கிராஸிங் மேசையை விட்டு நகராதீர்கள். மார்பகத்தை அறுத்தெடுத்த நேரம், பார்மலினில் போட்ட நேரம் இரண்டும் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பார்மலினுக்குப் போயிருக்க வேண்டும்; 6 மணி நேரத்துக்குக் குறையாமல், 72 மணி நேரத்துக்கு மிகாமல் ஊறியிருக்க வேண்டும். இதில் பிசகினால் ஹார்மோன் ஏற்பிச் சோதனையை நம்ப முடியாது. அந்த முடிவை வைத்து எழுதும் கட்டுரையை எந்தப் புள்ளியியல் நிபுணரும் காப்பாற்ற மாட்டார்.

2. வார்டுக்குப் போங்கள். பேத்தாலஜிக்காரனுக்கு அங்கே என்ன வேலை என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். "பெண், 60 வயது, இடக்கன்னத்தில் புண்" என்று மட்டும் எழுதி விழுப்புரத்து ஆயா ஒருவரின் பயாப்சி வரும். "ஆயா, புகையிலையை எந்தப் பக்கம் அடக்கிக்குவீங்க?" என்று கேளுங்கள். "இந்தப் பக்கந்தான், தூங்கறப்பவும் துப்ப மாட்டேன்" என்று இடக்கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். அந்த ஒரு வரி சீட்டில் இருக்காது.

இப்படிக் கேட்டவர்கள்தான் நம் துறையில் நின்றிருக்கிறார்கள். பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் பேத்தாலஜி பார்த்த வி. ஆர். கானோல்கர், சூரியாபாயுடன் சேர்ந்து 1945-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வேட்டியை இடுப்பில் இறுக்கிக் கட்டும் தடத்தில் வரும் தோல் புற்று, சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பவர்களின் அண்ணப் புற்று, சுண்ணாம்பு கலந்த புகையிலையை உதட்டில் அடக்குபவர்களின் உதட்டுப் புற்று என்று மூன்று வகை. அவர்களிடம் மூலக்கூறுச் சோதனை ஏதும் கிடையாது. திசுவைப் பார்த்தார்கள், மனிதர்களின் பழக்கத்தையும் பார்த்தார்கள்.

3. பலன் உங்கள் காலத்துக்குள் வராமல் போகலாம். நெய்யூர் மருத்துவமனையில் இருந்த ஓர் (Orr) என்ற மருத்துவர், வெற்றிலை போடுபவர்களின் வாய்ப்புற்று பற்றி 1933-ல் லான்செட்டில் எழுதினார். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்று உண்டாக்குவது என்று அறிவித்தது 1985-ல். வெறும் பாக்கும் அப்படித்தான் என்று சொல்ல 2004 ஆனது. அந்த மருத்துவரை எடைபோட 1938-ல் யாராவது மேற்கோள்களை எண்ணியிருந்தால் என்ன தேறியிருக்கும்?

4. எச்-இண்டெக்ஸ் பற்றிக் கேட்பீர்கள். இயற்பியலாளர் ஹிர்ஷ் 2005-ல் சொன்ன கணக்கு அது: தலா 10 முறையாவது மேற்கோளான கட்டுரைகள் 10 இருந்தால் எண் 10. வயதானால் ஏறும், ஒருபோதும் இறங்காது. என்னைப் போன்றவர்களுக்கு வசதி. ஆனால் எல்ஸ்டனும் எல்லிஸும் 1991-ல் நாட்டிங்காமிலிருந்து எழுதிய மார்பகப் புற்றின் தரப்படுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். குழாய் அமைப்பு, உட்கரு வேறுபாடு, செல் பிரிவு மூன்றுக்கும் 1 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 5 வரை முதல் தரம், 6, 7 இரண்டாம் தரம், அதற்கு மேல் மூன்றாம் தரம். உலகெங்கும் மேற்கோளான கட்டுரைதான். என்றாலும் நீங்கள் நாளைக் காலை ரிப்போர்ட்டில் "தரம் 2" என்று எழுதும்போது அவர்கள் கணக்கில் ஒரு மேற்கோளும் கூடாது. அந்தச் சொல்லை வைத்துத்தான் ஆன்காலஜியில் கீமோ பற்றிப் பேசுவார்கள். நம் துறையில் தாக்கத்தில் பாதி இப்படிக் கணக்கில் வராமலே நடக்கிறது.

5. "மாண்புமிகு டாக்டர்" என்று தொடங்கி, ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று வரும் மின்னஞ்சலை அழித்துவிடுங்கள்.

6. பதவி உயர்வுக்குக் கட்டுரை கேட்பார்கள், போட்டுத்தான் ஆகவேண்டும். அதற்காக ஒரே தீசிஸை நாலாக வெட்டாதீர்கள். அரிய கட்டி ஒன்று கிடைத்தால் தனியாக எழுதலாம்; ஆனால் பத்து ஆண்டு பிளாக்குகளைத் தேடி எடுத்து, நோயாளி இன்று எப்படி இருக்கிறார் என்று தொடர்ந்து பார்த்து எழுதும் ஒன்றுக்கு அது ஈடாகாது. பழைய பிளாக்தானே என்று நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். வேலை முடிந்தபின் அனுமதி கேட்டால் தரமாட்டார்கள்.

7. ஆசிரியர் பட்டியலை வேலை தொடங்கும் அன்றே எழுதி வையுங்கள். ஸ்லைடு பார்க்காத, ஒரு வரி எழுதாத, படித்துத் திருத்தாத பெயர் அதில் வேண்டாம், அது துறைத்தலைவர் பெயரே ஆனாலும். சொல்லக் கூச்சமாக இருந்தால் கைடு மூலம் சொல்லுங்கள். மைக்ரோடோமில் நான்கு மைக்ரான் சீவல் எடுத்துக் கொடுத்த டெக்னீஷியனுக்கு நன்றிப் பகுதியில் பெயர் போட்டு எழுதுங்கள். முன்கூட்டியே அவரிடம் கேட்டு, இனிஷியலைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.