வேகமும் குறியும்

கட்சால் தீவின் மாணவன் ஒருவன், மாலைப்பொழுதில் தென்னையின் அடிமரத்தை நோக்கிப் பந்து எறிகிறான் என்று கொள்வோம். அவனுடைய கையில் வலிமை மிகுதி. பந்து காற்றைக் கிழித்துச் செல்கிறது. ஆயினும், பத்து எறிதல்களில் இரண்டே மரத்தில் படுகின்றன. அவனைவிட மெலிந்த தோழனோ, நிதானமாக எறிந்து ஏழு முறை மரத்தைத் தொட்டுவிடுகிறான். இருவருள் சிறந்த எறிவீரன் யார்?

இவ்வினாவிற்குப் பேஸ்பால் என்னும் விளையாட்டு விடை கூறுகிறது. அவ்வாட்டத்தில் எறிவீரருக்கும், மட்டையாளரின் அருகே தரையில் பதிக்கப்பட்ட ஐங்கோணத் தட்டுக்கும் இடையே 18.44 மீட்டர் தொலைவு உண்டு. தட்டின் அகலமோ ஏறத்தாழ 43 சென்டிமீட்டர்தான். அதன் மேலாக, மட்டையாளரின் முழங்காலுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்தில் பந்து செல்ல வேண்டும். மட்டையாளர் அடிக்க முயலாதபோது, இவ்வெல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் சென்றால், அவர் அடிக்காமலே முதல் தளத்தை அடைந்துவிடுவார். குறியில்லா வேகம் எதிரணிக்கே உதவும்.

2008 ஆம் ஆண்டு, பந்தெறியும் திறனாளரைத் தேடி இந்தியாவில் ஒரு போட்டி நடைபெற்றது. அதில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங் முதலிடம் பெற்றார். தினேஷ் படேல் இரண்டாமிடம் பெற்றார். இருவரும் ஈட்டி எறிபவர்கள். பேஸ்பால் ஆடி அறியாதவர்கள். ஈட்டி எறிதலில் தொலைவே வெற்றி. பேஸ்பாலிலோ பந்து சென்று சேரும் இடமும் வெற்றியைத் தீர்மானிக்கும். எனவே, வலிய கையுடைய அவ்விருவரும் அமெரிக்காவில் டாம் ஹவுஸ் என்னும் பயிற்சியாளரிடம் தொடக்கநிலை மாணவராய்ப் பயின்றனர். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அவர்களை ஒப்பந்தம் செய்தது. 2009 ஜூலையில், அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியர் என்னும் பெருமையை ரிங்கு பெற்றார்.

குறி கைவர வழி யாது? ஒவ்வொரு முறையும் உடல் ஒரே வகையில் இயங்க வேண்டும். கண்கள் இலக்கை விட்டு விலகலாகாது. முன்வைக்கும் கால் இலக்கை நோக்கியே ஊன்ற வேண்டும். அது விலகினால் பந்தும் விலகும். பந்தை விட்டபின் கை இடையில் நின்றுவிடாமல், வீச்சை முழுமையாக முடிக்க வேண்டும்.

பிழையைப் பந்தே காட்டிக்கொடுக்கும். பந்து மிக உயரச் சென்றால், பெரும்பாலும் விரல்கள் அதை முன்னதாகவே விட்டிருக்கும். முன்னரே தரையில் விழுந்தால், தாமதமாக விட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பிழையை மட்டுமே திருத்துதல் நன்று. முதலில் குறைந்த தொலைவில், பாதி வேகத்தில் எறிந்து பழக வேண்டும். பத்தில் எட்டேனும் இலக்கில் பட்டபின், தொலைவையும் வேகத்தையும் சிறிது சிறிதாகக் கூட்டலாம்.

மிகைப்பயிற்சி தீங்கானது. வளரும் வயதில் தோளும் முழங்கையும் எளிதில் காயமுறும். 13, 14 வயதினர் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 95 முறைக்குமேல் எறியலாகாது என அமெரிக்க வழிகாட்டு நெறி வரையறுக்கிறது. கை வலித்தால் எறிதலை உடனே நிறுத்திப் பெரியோரிடம் கூற வேண்டும்.

தென்னையை நோக்கி எறிந்த வலிய மாணவன் மனந்தளர வேண்டுவதில்லை. அவனிடம் வேகம் ஏற்கெனவே உள்ளது. அதைச் சில நாள் அடக்கிவைத்துக் குறியைக் கற்றுக்கொள்வானாயின், பின்னர் அவ்வேகமும் அவனுக்குத் துணைநிற்கும்.

அருஞ்சொற்பொருள்
கைவருதல் – பழக்கத்தால் வசமாதல்
ஊன்றுதல் – நிலையாகப் பதித்தல்
மிகைப்பயிற்சி – அளவுக்கு மீறிய பயிற்சி

வினாக்கள்
1. ஈட்டி எறிதலும் பேஸ்பாலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. பந்து மிக உயரச் செல்வதற்குக் காரணம் யாது?
3. ‘பிழையைப் பந்தே காட்டிக்கொடுக்கும்’ – விளக்குக.
4. செயல்பாடு: சுவரில் ஒரு கட்டம் வரைந்து, நாள்தோறும் பத்து முறை பந்தெறிக. கட்டத்தில் பட்டவற்றை எண்ணி, ஒரு வாரக் கணக்கை ஐந்து தொடர்களில் எழுதுக.